நெய்தவர் வீட்டில் விருந்தினர்: தக்கிலேத் தீவு கற்பிக்கும் பாடம்

நெய்பவருக்கும் உடுத்துபவருக்கும் இடையே எத்தனை கைகள் நிற்கின்றனவோ, அத்தனை பங்காகத் துணியின் விலை பிரிந்து போகிறது. இவ்வுண்மையை நம் சங்க அங்கத்தினர் எவருக்கும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. மஞ்சளும் பருத்தியும் விளைவிப்போரின் அனுபவமும் இதுவே. இடையிலுள்ள கைகளைக் குறைப்பதற்கென்றே நெசவாளர் சங்கங்களும் விற்பனைச் சங்கங்களும் தோன்றின.

ஆனால் வாங்குபவரே நெய்தவரின் வாசலுக்கு வந்து நின்றால் என்னவாகும்? ஓர் இரவு அவ்வீட்டிலேயே தங்கி, அவ்வீட்டார் உண்பதை உண்டு, தறியில் வேலை நடப்பதைக் கண்ணாற்கண்டு, மறுநாள் துணியை விலைகொடுத்து வாங்கிச் சென்றால், இடைத்தரகருக்கு அங்கே இடமே இராது என்றுதான் எவருக்கும் தோன்றும். அவ்வாறு எண்ணுவது முழுவதும் சரியன்று. தென் அமெரிக்காவில் பெரு நாட்டைச் சேர்ந்த டிட்டிகாக்கா ஏரியில் தக்கிலே என்றொரு சிறு தீவு உளது. அங்கு வாழ்வோர் நெசவாளர். அவர்களே விவசாயிகளும் ஆவர். ஐம்பது ஆண்டுகளாக அவர்கள் வெளிநாட்டு விருந்தினரைத் தம் இல்லங்களில் தங்கவைத்து வருகின்றனர். அவர்கள் அடைந்த நன்மையும், பின்னர் அதில் ஒரு பகுதியை இழந்த விதமும் நம்மவர் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரியும் அதன் உயரமும்

டிட்டிகாக்கா, பெருவுக்கும் பொலிவியாவுக்கும் பொதுவான ஏரி. கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 3,810 மீட்டர் உயரத்தில் ஆண்டிஸ் மலைத்தொடரின் நடுவே அமைந்துள்ளது. நமது தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டரே. கொல்லிமலையின் உச்சிப் பகுதிகளோ சுமார் 1,300 மீட்டர்தான். எனவே கொல்லிமலையைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு உயரத்தில் ஒரு கடல் போன்ற நீர்ப்பரப்பைக் கற்பனை செய்துகொள்க. அதன் பரப்பு 8,300 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. மேட்டூர் அணை முழுதும் நிரம்பிய காலத்தில் அதன் நீர்ப்பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். அத்தகைய ஐம்பது நீர்த்தேக்கங்களை ஒன்றாகச் சேர்த்தாலும் இவ்வேரிக்கு ஈடாகா.

இவ்வளவு உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். சமவெளியிலிருந்து நேரே வருவோருக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் உண்டாதல் இயல்பு. ஆகையால் கரையிலுள்ள பூனோ நகரில் ஓரிரு நாள் தங்கி, உடல் அவ்வுயரத்திற்குப் பழகிய பின்னரே தீவுகளுக்குச் செல்ல வேண்டும் என்பர். பகலில் வெயில் சுடும். இரவில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும். இருந்தும் தீவுகளில் பயிர் விளைகிறது. பெரிய நீர்ப்பரப்பு பகல் வெப்பத்தைத் தன்னுள் வாங்கி இரவில் மெல்ல வெளியிடுவதால், ஏரியை ஒட்டிய நிலத்தில் உறைபனியின் கொடுமை குறைகிறது. உருளைக்கிழங்கும் வாற்கோதுமையும் மொச்சை போன்றதொரு பெரிய அவரையும், ஒதுக்கமான சில இடங்களில் மக்காச்சோளமும் அங்கு விளைவதற்கு இதுவே காரணம்.

கோரையால் ஆன நிலம்

பூனோ துறைமுகத்திலிருந்து புறப்படும் படகு முதலில் ஊரோஸ் மக்களின் மிதக்கும் தீவுகளை அடைகிறது. இவை மண்ணால் ஆனவையல்ல. தொத்தோரா எனப்படும் நாணற்கோரை ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் அடர்ந்து வளர்கிறது. காவிரிக் கரையில் நம்மவர் பாய் நெய்வதற்காக வளர்க்கும் கோரையின் இனத்தைச் சேர்ந்ததே அதுவும். தொத்தோராவின் வேர்கள் பின்னிக் கிடக்கும் கட்டிகளை வெட்டியெடுத்து, ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, அவற்றின்மேல் அறுத்த கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன்மேல் கோரைக் குடில்களை அமைக்கின்றனர். காற்றில் மிதந்து செல்லாதவாறு ஏரியின் அடித்தரையில் முளையடித்துக் கட்டிவைக்கின்றனர்.

கீழே உள்ள கோரை நீரில் அழுகிக்கொண்டே இருக்கும். ஆதலால் மேலே புதுக் கோரையை இடைவிடாமல் இட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு தீவில் சில குடும்பங்களே வாழ்கின்றன. கோரை பரப்பும் வேலையில் ஒரு குடும்பம் பின்வாங்கினால் எல்லோருடைய காலடியும் நனையும். கூட்டு உழைப்பின் அவசியத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை முறை அரிது. ஊரோஸ் மக்களின் பழைய மொழி வழக்கொழிந்துவிட்டது; இன்று அவர்கள் அய்மாரா மொழி பேசுகின்றனர்.

தக்கிலே: நிலமும் தறியும்

ஊரோஸைக் கடந்து மேலும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் மெதுப்படகில் சென்றால் தக்கிலே தென்படும். அதன் பரப்பு சுமார் 1,400 ஏக்கர். மக்கள்தொகை ஏறக்குறைய 2,000. மொழி கெச்சுவா. அங்கே மோட்டார் வாகனம் கிடையாது. வளர்ப்பு நாய்களையும் காண்பதரிது. தீவு முழுவதும் கற்படியும் ஒற்றையடிப் பாதையும் படிக்கட்டு வயல்களுமே.

இந்நிலம் எப்பொழுதும் அவர்களுடையதாக இருந்ததில்லை. ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் அது பண்ணையார் வசமாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசியல் கைதிகளைச் சிறைவைக்கும் இடமாகவும் அது பயன்பட்டது. 1930-கள் தொடங்கித் தீவினர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தம் முன்னோரின் நிலத்தைத் தாமே விலைகொடுத்து மீட்டனர். பணத்தை ஒன்றுதிரட்டிப் பொதுக் காரியம் ஆற்றும் பழக்கம் அவர்களிடம் வேரூன்றியிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

தீவின் நிலம் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எப்பகுதியில் எவ்வாண்டு எப்பயிர் இடுவது, எதைத் தரிசாக விட்டுக் கால்நடை மேய்ப்பது என்பதை ஊரார் கூடி முடிவு செய்கின்றனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வெவ்வேறு பகுதிகளில் துண்டு நிலங்கள் உண்டு. தன் துண்டில் தனக்கு விருப்பமான பயிரை இட எவருக்கும் உரிமையில்லை. மண் வளம் குன்றாதிருப்பதற்கும், ஓரிடத்தில் விளைச்சல் கெட்டாலும் மற்றோரிடத்தில் கைகொடுப்பதற்கும் இவ்வேற்பாடு உதவுகிறது. ஊராரின் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர்ச் சதுக்கத்தில் நடைபெறுகிறது.

இனி நெசவைப் பற்றிச் சிறிது கூறுவோம். நம் ஊர்களில் பாவு ஓட்டுவது முதல் தார் சுற்றுவது வரை குடும்பமே ஈடுபடுவதைப் போல், அங்கும் சிறுவர் முதல் முதியோர் வரை எல்லோர் கையிலும் வேலை உண்டு. பெண்கள் தரையில் நான்கு முளைகளை அடித்து, அவற்றில் பாவை இழுத்துக் கட்டி, மண்டியிட்டு அமர்ந்து நெய்கின்றனர். ஸ்பானியர் வருமுன்னரே அந்நிலத்தில் வழங்கிய தறி அது. ஸ்பானியர் கொணர்ந்த மிதிதறியில் கம்பளித் துணி நெய்வது ஆண்களின் வேலை. சுல்யோ எனப்படும் காதுமூடிக் குல்லாயை மெல்லிய ஊசிகளால் பின்னுவதும் ஆண்களே. நடந்துகொண்டே பின்னும் ஆடவரைத் தீவெங்கும் காணலாம். குல்லாயின் நிறத்தைக் கொண்டே ஒருவன் மணமானவனா இல்லையா என்று அறிந்துகொள்வர்.

பெண்கள் நெய்யும் அகன்ற இடைக்கச்சை மிகப் புகழ் பெற்றது. ஆண்டின் விதைப்பு, அறுவடை, திருவிழா ஆகியவற்றைக் குறிக்கும் உருவங்களை அதில் வரிசையாக அமைப்பர். ஒரு விவசாயியின் பஞ்சாங்கம் அவன் இடுப்பிலேயே இருக்கிறது எனலாம். 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் தக்கிலேயின் நெசவுக் கலையை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2008-இல் அது அந்நிறுவனத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

முதற்சங்கமும் அதன் முடிவும்

இவ்வளவு நேர்த்தியான துணிக்கு நெடுங்காலம் சந்தை இருந்ததில்லை. தம் தேவைக்கே நெய்து வந்தனர். 1968-இல், அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர் ஒருவரின் துணையோடு, தீவினர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினர். அங்கத்தினரின் துணிகளைத் திரட்டிக் கூஸ்கோ நகருக்கு அனுப்பி, வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கு விற்றுப் பணத்தைப் பகிர்ந்தளிப்பது அதன் வேலை. தொடக்கத்தில் நற்பயன் கிட்டியது. ஆனால் 1971-இல் அச்சங்கம் கலைக்கப்பட்டது. பொறுப்பிலிருந்தவர் நிதியைக் கையாடியது வெளிப்பட்டமையே காரணம்.

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் பணியில் இருப்போருக்கு இச்செய்தி வியப்பளிக்காது. விற்பனை ஓரிடத்தில், உற்பத்தி வேறிடத்தில், கணக்கு ஒருவர் கையில், நம்பிக்கை மற்றெல்லோரிடத்தும் என்றிருக்கும் அமைப்பில் இவ்வாபத்து எந்நாட்டிலும் உண்டு. கையாடப்படும் தொகை சிறிதாயினும், அதனோடு அழியும் நம்பிக்கை பெரிது. நம் பகுதியிலும் ஒரு முறை சங்கம் மூடப்பட்ட ஊரில் மறுமுறை பங்குத் தொகை திரட்டுவது எவ்வளவு கடினம் என்பதை அங்கத்தினர் அறிவர்.

தக்கிலே மக்கள் சங்கம் என்ற எண்ணத்தையே கைவிட்டுவிடவில்லை என்பதே இங்கு குறிப்பிடத்தக்கது. அவர்கள் முறையை மாற்றினர். ஒருவரிடம் நீண்டகாலம் பொறுப்பை விடுவதற்குப் பதிலாக, எல்லோரும் தத்தம் முறை வரும்போது பொறுப்பேற்பது என்ற பழைய கிராம வழக்கத்தையே வியாபாரத்திற்கும் பொருத்தினர்.

படகு, படுக்கை, கடை

1976-இல் தென் அமெரிக்கப் பிரயாணிகளுக்கான ஒரு பிரபல வழிகாட்டி நூல் தக்கிலேயைப் பற்றி எழுதியது. பூனோத் துறைமுகத்தில் வெளிநாட்டார் வந்து தக்கிலேக்குப் படகு கேட்கத் தொடங்கினர். அக்காலத்தில் தீவினரிடம் இருந்தவை பாய்மரப் படகுகளே. பயண வியாபாரம் நகரத்துப் படகுக்காரரிடம் இருந்தது. தீவினர் இதைக் கண்டு, பல குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பணமிட்டு, பழைய லாரி எஞ்சின்களை வாங்கித் தம் ஊர்த் தச்சர் கட்டிய மரப்படகுகளில் பொருத்தினர். 1970-களின் இறுதியில் ஓர் அமெரிக்க அபிவிருத்தி நிறுவனத்தின் நன்கொடையும் கிடைத்தது. விரைவில் படகுக் குழுக்கள் பல ஏற்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்து ஓடின. பிரயாணிகளைத் தீவுக்கு ஏற்றிச் செல்லும் உரிமை தீவினருக்கே என்பதை அதிகாரிகளும் ஒப்புக்கொண்டனர். இது முதல் ஏற்பாடு.

இரண்டாவது, தங்கும் இடம். தீவில் விடுதி கட்டுவதில்லை என்று ஊரார் தீர்மானித்தனர். படகு துறையை அடைந்ததும், விருந்தினர் ஐந்நூறுக்கு மேற்பட்ட கற்படிகளை ஏற வேண்டும். மெலிந்த காற்றில் அது எளிய காரியமன்று. மேலே வரவேற்புக் குழுவினர் காத்திருந்து, பெயர், வயது, நாடு முதலிய விவரங்களைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வர். பின்னர், எக்குடும்பத்தின் முறையோ அக்குடும்பத்திடம் விருந்தினரை ஒப்படைப்பர். விருந்தினர் செல்வராயினும் ஏழையாயினும், முறை வந்த வீடே அவருக்கு வீடு. கட்டணமும் ஊரார் நிர்ணயித்ததே. விருந்தேற்க விரும்பும் குடும்பம் அறையையும் படுக்கையையும் ஒழுங்குபடுத்திக் குழுவினரின் ஒப்புதல் பெற்ற பின்னரே பட்டியலில் சேரும்.

அவ்விரவு தங்குவோர் காண்பது என்ன? பச்சைச் செங்கல்லால் கட்டிய சிறு வீடு. முற்றத்தை ஒட்டி விருந்தினருக்கென ஓர் அறை. குளிரைத் தாங்கக் கனத்த கம்பளிகள் அடுக்கடுக்காக. உணவு கினோவா என்னும் சிறுதானியத்தில் செய்த சூப், அவித்த உருளைக்கிழங்கு, ஏரியில் பிடித்த மீன் அல்லது முட்டை. உணவுக்குப் பின் முன்யா என்னும் மணமுள்ள மலைப்பூண்டை இட்ட வெந்நீர் தருவர். உயரத்தால் வரும் வயிற்றுக் கோளாறுக்கு அது நல்லது என்பது அவர்களது நம்பிக்கை. பொழுது சாய்ந்ததும் பேச்சு அடங்கிவிடும். விடியுமுன்னரே வீட்டார் வயலுக்குப் புறப்பட, பெண்கள் வெயில் ஏறியதும் முற்றத்தில் தறியை விரிப்பர். விருந்தினரின் பொருட்டு வேலை நிறுத்தப்படுவதில்லை. வேலையைக் காண்பதற்காகவே அவர் வந்திருக்கிறார்.

மூன்றாவது, கடை. சதுக்கத்தில் பொதுக் கடை ஒன்றை அமைத்தனர். ஒவ்வொரு குடும்பமும் தன் துணியைக் கொணர்ந்து அங்கே ஒப்படைக்கும். செய்தவரின் அடையாளமும் விலையும் எழுதிய சீட்டு ஒன்று அதில் கட்டப்படும். வேலைப்பாட்டையும் செலவான உழைப்பையும் பார்த்துக் குழுவினர் விலையை நிர்ணயிப்பர். கடையில் பேரம் கிடையாது. துணி விற்றதும் கடைச் செலவுக்கெனச் சிறு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைச் செய்தவரிடம் கொடுப்பர். கடையில் அமர்வதும் முறைவைத்தே. இன்று கடையில் அமர்பவர் அடுத்த வாரம் கடைக்குத் துணி கொடுப்பவராகவும் இருப்பதால், கணக்கை மறைப்பதற்கு வழி குறைவு. 1971-இல் கற்ற பாடம் இவ்வாறு பயன்பட்டது.

இம்மூன்று ஏற்பாடுகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. தீவினரின் படகில் வந்தவர் பிற்பகலில் இறங்கினார். அன்று திரும்ப வழியில்லாமையால் இரவு தங்கினார். தங்கியதால் நெசவைக் கண்டு அதன் அருமையை உணர்ந்தார். உணர்ந்ததால் மறுநாள் பொதுக் கடையில் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார். படகுக் கட்டணம், தங்கும் கட்டணம், துணி விலை ஆகிய மூன்றும் தீவிலேயே நின்றன. ஏழைக் குடும்பத்திற்கும் முறை வந்ததால், வருமானம் ஓரளவு பரவலாகப் பகிரப்பட்டது.

படகு கைமாறியது

1990-களின் தொடக்கத்தில் பெரு அரசாங்கம் தனியுரிமைகளை நீக்கும் சட்டங்களைக் கொணர்ந்தது. போட்டி இருந்தால் கட்டணம் குறையும், பொதுமக்களுக்கு நன்மை உண்டாகும் என்பது அரசாங்கத்தின் கருத்து. அச்சட்டத்தின் முன் தக்கிலே மக்களின் படகு உரிமையும் ஒரு தனியுரிமையாகவே கருதப்பட்டது. பல குடும்பங்கள் பகிர்ந்து நடத்தும் குழுவையும், ஒரு முதலாளியின் ஏகபோகத்தையும் சட்டம் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. உரிமை போயிற்று.

பூனோ நகரின் பயண முகவர்கள் விரைவுப் படகுகளை விட்டனர். காலையில் புறப்பட்டு, வழியில் ஊரோஸ் மிதவைகளைக் காட்டி, தக்கிலேயில் ஓரிரு மணி நேரம் நிறுத்தி, ஓர் உணவுச்சாலையில் பகலுணவு அளித்து, மாலையில் நகருக்குத் திரும்பிவிடும் பயணத் திட்டம் வழக்கத்திற்கு வந்தது. வருவோர் தொகை பெருகியது. இரவு தங்குவோர் தொகை சுருங்கியது. பயணக் கட்டணம் முழுவதும் நகரில் செலுத்தப்பட்டுவிடுவதால், தீவில் செலவாவது பகலுணவின் விலையும் சில சில்லறைச் சாமான்களின் விலையுமே. எந்த உணவுச்சாலைக்குப் போவது என்பதை முகவரின் வழிகாட்டியே தீர்மானித்தார். முகவரோடு பழக்கமுள்ள குடும்பம் செழித்தது. முறைக்காகக் காத்திருந்த குடும்பம் காத்துக்கொண்டே இருந்தது.

துணியின் நிலையும் மாறாமல் இல்லை. ஓரிரு மணி நேரத்தில் வாங்குபவர் பல வாரங்கள் நெய்த இடைக்கச்சையை ஆய்ந்து பார்ப்பதில்லை. விலை குறைந்த சிறு பொருளையே தேடுகிறார். ஆலை நூலில் விரைவாகச் செய்யக்கூடிய சரக்குகள் பெருகின. படுக்கையும் கடையும் அவர்கள் வசமே இருந்தன, தறியும் அவர்களுடையதே. கைவிட்டுப் போனது படகு ஒன்றுதான். அது போனதும் மற்ற இரண்டின் பயனும் பாதியாகக் குறைந்தது.

எனினும் தீவினர் வாளாவிருக்கவில்லை. தீவில் இறங்குவோரிடம் நுழைவுக் கட்டணம் வசூலித்தனர். தம் இளைஞரை வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்க முயன்றனர். முனாய் தக்கிலே என்ற பெயரில் ஊராருக்குச் சொந்தமான பயண நிறுவனமொன்றைப் பூனோவில் ஏற்படுத்தி, விருந்தினரை நேரே அழைத்துவரத் தொடங்கினர். இழந்தது முழுவதும் மீண்டுவிடவில்லை. ஆயினும் இழந்தது எது என்பதை அவர்கள் சரியாக அறிந்துகொண்டார்கள்.

அண்டைத் தீவு

தக்கிலேக்கு வடக்கே அமந்தனி என்ற சற்றுப் பெரிய தீவு இருக்கிறது. பத்துச் சிற்றூர்களும், பச்சதாத்தா, பச்சமாமா என்னும் இரு குன்றுகளும், அவற்றின் உச்சியில் பழங்கோயில்களும் உள்ள இடம். தந்தை நிலம், தாய் நிலம் என்று அப்பெயர்களுக்குப் பொருள் கூறுவர். இன்று இரவு தங்க விரும்புவோரில் பலர் இங்கேயே தங்குகின்றனர். ஊர்களும் குடும்பங்களும் முறைவைத்தே விருந்தினரை ஏற்கின்றன. ஆனால் விருந்தினர் பெரும்பாலும் நகர முகவர் வழியே வருவதால், அவர்கள் செலுத்தும் தொகையில் அடுப்பெரித்துப் படுக்கை விரித்த குடும்பத்தை வந்தடைவது சிறு பங்கே என்பது அங்கு நெடுநாளைய முறையீடு. ஆகவேதான் விவரமறிந்த பிரயாணிகள் துறைமுகத்தில் தீவினரின் படகிலேயே ஏறி, தங்கும் கட்டணத்தை வீட்டாரின் கையிலேயே கொடுக்கின்றனர். அரிசி, சர்க்கரை, பழம் போன்றவற்றைக் கையுறையாகக் கொண்டு செல்கின்றனர்.

நம் நாட்டிற்கும் நமக்கும்

இத்தகைய வாழ்க்கை நம் நாட்டிற்கு முற்றிலும் அந்நியமன்று. காஷ்மீரில் சுமார் 1,580 மீட்டர் உயரத்திலுள்ள தால் ஏரியில் மக்கள் படகு வீடுகளிலும் ஏரிக்குள்ளேயே அமைந்த குடியிருப்புகளிலும் வாழ்கின்றனர். மிதக்கும் தோட்டங்களில் காய்கறி பயிரிடுகின்றனர். மணிப்பூரில் லோக்தாக் ஏரியின் மிதக்கும் புல்திட்டுகள்மேல் மீனவர் குடில் அமைத்து வாழ்ந்து வந்தனர். 2011-இல் ஏரியைப் பாதுகாக்கும் நோக்கத்தோடு நூற்றுக்கணக்கான குடில்கள் அகற்றப்பட்டன. தால் ஏரியிலும் நீரின் தூய்மை பெருங்கவலைக்குரியதாகியிருக்கிறது. நீர்மேல் வாழ்வோரின் உரிமையும் நீரின் நலமும் ஒருசேரக் காக்கப்படுவது எளிதன்று என்பதை இவை உணர்த்துகின்றன. தக்கிலேயின் தனிச்சிறப்பு, வாழ்வோர் தாமே கூடி விதி வகுத்துக்கொண்டதில் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் அத்தகைய ஏரியில்லை, மலை உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஆண்டுதோறும் எண்ணற்றோர் ஏறுகின்றனர். அறப்பளீசுவரரையும் ஆகாய கங்கையையும் கண்டு, பெரும்பாலோர் அன்றைக்கே இறங்கிவிடுகின்றனர். மலைவாழ் மக்கள் விளைவிக்கும் மிளகும் காப்பியும் சாமையும் பலாவும் அவர்கள் கண்ணில் படுவது சாலையோரக் கடையில்தான். மலையில் பழங்குடியினர் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அடிவாரத்தில் இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் தறியும் உண்டு, விற்பனைச் சங்கமும் உண்டு. மலைக்கு வருவோர் ஓரிரவு மலைவாழ் குடும்பமொன்றில் முறைப்படி தங்கி, அவர்கள் தானியத்தை உண்டு, இறங்கும் வழியில் நெசவாளர் சங்கத்தில் துணி வாங்கிச் செல்வதென்பது நடவாத காரியமன்று.

ஆயின் அதைத் தொடங்குமுன் தக்கிலே மக்கள் அனுபவத்தால் அறிந்த மூன்றை நாம் ஆலோசித்துக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, முறை. விருந்தினர் எவ்வீட்டிற்குச் செல்வது என்பதை வண்டி ஓட்டுபவரோ வழிகாட்டியோ தீர்மானிக்கலாகாது. சங்கத்தின் பதிவேடே தீர்மானிக்க வேண்டும். முறை தவறினால் ஓரிரு வீடுகள் விடுதிகளாகும். ஏனையோர் அவற்றில் கூலியாட்களாவர்.

இரண்டாவது, கணக்கு. கூட்டத்தில் படிக்கப்படாத கணக்கு, எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டிருப்பினும், அங்கத்தினரின் கணக்காகாது. பேரவைக் கூட்டத்தில் வரவு செலவை வாசிக்கும்போது கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவு என்று நம்மவர் கருதும் வழக்கம் உண்டு. தக்கிலேயில் முதற்சங்கம் வீழ்ந்தது கேள்வி கேட்டவரால் அன்று.

மூன்றாவது, படகு. இங்கே படகு என்பது, வாங்குபவரை நம்மிடமும் நம் சரக்கை அவரிடமும் கொண்டு சேர்க்கும் வழி எதுவோ அதுவாகும். மலைக்கு அது வண்டி. நெசவாளருக்குக் காட்சிக் கூடமும் விற்பனை நிலையமும். இக்காலத்தில் கைப்பேசி வழியே ஆர்டர் பெறும் நிறுவனங்களும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. தறி நம்முடையதாக இருக்க, அவ்வழி பிறருடையதாக இருந்தால், விலையை நிர்ணயிப்பவர் பிறரே. அங்கத்தினர் ஒருவர் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று சங்கத்திற்குத் தர வேண்டிய சேலையை இரவோடிரவாக வெளி வியாபாரியிடம் கொடுக்கும்போது, அவர் விற்பது சேலையை மட்டுமன்று. பலர் பங்கிட்டுக் கட்டிய படகின் ஒரு பலகையையும் சேர்த்தே விற்கிறார்.

சங்கத்தின் குறைகளை இதனால் மறைக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. கூலி தாமதித்தால், நூல் தரம் குன்றினால், சரக்குத் தேங்கினால், அங்கத்தினர் வெளியே பார்ப்பது இயற்கை. அவற்றைத் திருத்துவது நிர்வாகக் குழுவின் கடமை. திருத்தும்படி வற்புறுத்துவது அங்கத்தினரின் உரிமை. தக்கிலேயின் ஞாயிற்றுக் கூட்டத்தில் நிகழ்வது இதுவே. குறை கூறுபவர் கூட்டத்தில் நின்று கூறுகிறார். கூறிவிட்டுத் தம் முறைக்குரிய வேலைக்குச் செல்கிறார்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: சென்ற ஆண்டு நம் சங்கத்துச் சரக்கில் எவ்வளவு நம் சொந்த வழியில் விற்றது, எவ்வளவு பிறர் வழியில் விற்றது? விடை எதுவாயினும், அது அறிக்கையில் எழுதப்பட்டு, அதற்கடுத்த ஆண்டின் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுமாயின், தொலைவிலுள்ள அத்தீவினரின் அனுபவம் நமக்கும் பயன்பட்டதாகும்.